7 பச்சை, 4 சிவப்பு: மகளை டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள், 7 பச்சை, 4 சிவப்பு என்று சின்ன வயதிலிருந்தே சொல்வாள். விளையாட்டு என்று விட்டுவிட்டோம். இப்போது டீச்சர் கலர் சாக்பீஸில் எழுதினால் கணக்கு குழம்புகிறது என்கிறாள். பஸ் ஹாரன் அடித்தால் கண்முன் மஞ்சள் பளிச்சிடுகிறதாம். தோழிகள் ‘கதை விடுகிறாள்’ என்று கேலி செய்கிறார்கள். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். என்ன செய்வது?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: மந்திரிப்பதெல்லாம் வேண்டாம். அவள் பொய்யும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பது சினெஸ்தீசியாவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு புலன் தூண்டப்படும்போது இன்னொன்றும் தானாகக் கிளம்பும். இது நோய் இல்லை, மாத்திரையும் தேவையில்லை. 2006இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, ஏதாவது ஒரு வகை சினெஸ்தீசியா நூற்றில் சுமார் 4 பேருக்கு இருப்பதாகக் கண்டது. மூளையில் எண்களை அடையாளம் காணும் பகுதியும் நிறத்தைக் கையாளும் பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒன்றின் தூண்டுதல் மற்றதற்கும் போய்விடுகிறது என்பது சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் முன்வைத்த விளக்கம்.

இது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடும். வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள். மாமியாருக்கே வெள்ளிக்கிழமை ஒரு நிறமாகத் தெரியலாம், யார் கண்டது!

உறுதி செய்ய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. 0 முதல் 9 வரைக்கும், சில எழுத்துகளுக்கும் அவள் சொல்லும் நிறங்களைக் குறித்து, அவளிடம் காட்டாமல் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வரிசை மாற்றிக் கேளுங்கள். சும்மா சொல்கிறவர்கள் ஒரு வாரத்திலேயே தடுமாறுவார்கள். இந்தத் தன்மை உள்ள பெரியவர்கள் ஒரு வருடம் கழித்தும் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அதே நிறத்தைச் சொல்வார்கள். ஆறேழு வயதில் நிறங்கள் இன்னும் நிலைபெற்றிருக்காது. உங்கள் மகள் வயதில் பெரும்பாலும் நிலைத்துவிட்டிருக்கும்.

அவளுக்கு உண்மையான சிரமம் நிறங்கள் மோதுவதில்தான். அவளுக்குப் பச்சையான 7, பலகையில் சிவப்பாக நின்றால் மூளை ஒரு கணம் தயங்கும். அந்தச் சிவப்பு அவளுடைய 4-இன் நிறம் வேறு, குழம்பத்தான் செய்யும். இப்படித் தாமதமாவது சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது. கவனக்குறைவு என்று திட்டினால் பதற்றம்தான் கூடும். வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, கணக்கை மட்டும் வெள்ளை சாக்பீஸில் எழுதச் சொல்லுங்கள். ‘சினெஸ்தீசியா’ என்று விளக்கப் போனால் மிரண்டுவிடலாம், ‘கலரில் எழுதினால் இவளுக்கு எண் மாறிப்போகிறது’ என்றால் போதும். கலர் கலராக அச்சடித்த கணக்குப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். அவளுக்கு ஒரே மாதிரி நிறம் தரும் எண்கள் எவை என்று கேட்டு, கணக்கு முடித்ததும் அவற்றை மட்டும் இன்னொரு முறை சரிபார்க்கப் பழக்குங்கள். மனப்பாடத்துக்கு இதே நிறங்கள் கைகொடுக்கும். போன் நம்பர், வரலாற்று ஆண்டு எல்லாம் பலருக்கு நிறவரிசையாகவே நினைவில் நிற்கும்.

ஹாரன் விஷயம் வேறு. கடலூர்–புதுச்சேரி பஸ்களின் ஏர் ஹாரன் நமக்கே தலைவலி, அவளுக்கு அது கண்ணிலும் அடிக்கிறது. சாலைப் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி இடம் கேளுங்கள். பஸ்ஸில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும். பள்ளி விட்டு வந்ததும் டிவி, டியூஷன் என்று உடனே தொடங்காமல் அரைமணி நேரம் அமைதியாக இருக்க விடுங்கள்.

தோழிகளிடம் நிரூபிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. யாரிடம் சொல்வது என்பது அவள் விருப்பம். உறவினர் வந்தால் ‘என் பேர் என்ன கலர்?’ என்று வேடிக்கை கேட்க வைக்காதீர்கள்.

சரி, டாக்டரிடம் எப்போது? சிறு வயதிலிருந்தே இருப்பதற்காகப் போக வேண்டாம். தலையில் அடிபட்ட பிறகோ, திடீரென்று புதிதாகவோ நிறங்கள் தெரிந்தால், கூடவே வலிப்பு, நினைவு தப்புதல், கடும் தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் தள்ளிப்போடாமல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை போன்ற இடத்தில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பள்ளிக்கே போக மறுத்தாலோ, தூக்கம் கெட்டாலோ மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.