கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய மரபில் வந்த இசை) பாடகர் கார்த் புரூக்ஸ் பேரரங்குகளை நிரப்பும் நட்சத்திரமானது எப்படி?

குரல்வளம் மட்டும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் யூகான் என்ற சிற்றூரில் வளர்ந்து, ஈட்டி எறிதலுக்கான உதவித்தொகையில் கல்லூரி சென்ற புரூக்ஸ், 1985-இல் வாய்ப்புத் தேடி, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போய், ஒரே நாளில் மனமுடைந்து ஊர் திரும்பியவர். 1987-இல் மீண்டும் சென்றபோது பூட்ஸ் கடையில் வேலை பார்த்தபடியே பாடினார். கேபிடல் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரை முதலில் நிராகரித்தது. 1988-இல் அந்நகரின் புளூபேர்ட் கஃபே என்ற, பாட்டுக் கச்சேரி நடக்கும் சிறிய உணவகத்தில், பாட வேண்டிய இன்னொருவர் வராததால் அவர் முன்கூட்டியே மேடையேற நேர்ந்தது. அங்கே அமர்ந்திருந்த அதே நிறுவனத்து அதிகாரி பாட்டைக் கேட்டுத் தம் முடிவை மாற்றிக்கொண்டார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம்தான். ஆனால் அதன்பின் நடந்தது வேறு கணக்கு. 1991 மே மாதம், இசை ஆல்பங்களின் விற்பனைப் பட்டியலை வெளியிடும் பில்போர்டு இதழ், கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதை விட்டுவிட்டு, கல்லாவில் பதிவான விற்பனையை எண்ணத் தொடங்கியதும், கன்ட்ரி இசைக்கு உண்மையில் எவ்வளவு கிராக்கி இருந்தது என்பது வெளிப்பட்டது. அந்தச் செப்டம்பரில் வந்த அவருடைய மூன்றாவது ஆல்பம், எல்லா வகை இசைக்குமான பட்டியலில் நுழைந்த வாரத்திலேயே முதலிடம் பிடித்தது. எந்தக் கன்ட்ரி ஆல்பமும் அதற்குமுன் அப்படி நுழைந்ததில்லை. மேடையிலோ அவர் ராக் கச்சேரிகளின் ஆர்ப்பாட்டத்தைத் தயங்காமல் கடன் வாங்கினார்: தலையில் மாட்டிய மைக்கோடு ஓடியாடிப் பாடியவர், 1993-இல் டெக்சாஸ் ஸ்டேடியத்தில் கம்பியில் தொங்கியபடி ரசிகர்களின் தலைக்கு மேலேயே பறந்தார்.