எந்த ரோஜாவைச் சமையலில் சேர்க்கலாம்?

சமையல் ரோஜா என்று தனிச் செடி கிடையாது. பூச்சிமருந்து அடிக்காமல் வளர்த்த, மணமுள்ள எந்த ரோஜாவும் ஆகும். நம்மூரில் தோதானது பன்னீர் ரோஜா. மணம் இதழிலுள்ள எண்ணெயில்தான் இருக்கிறது. வெயில் ஏறினால் அது ஆவியாகிவிடும், அதனால் காலையிலேயே பறித்துவிடுங்கள். கொத்தமல்லித் தழை மாதிரி, அடுப்பை அணைத்தபின் தூவினால்தான் வாசம் நிற்கும். இதழின் அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், கிள்ளிவிடுங்கள்.

குல்கந்துக்கு இதழும் சர்க்கரையும் சம எடை. கண்ணாடி ஜாடியில் மாற்றி மாற்றி அடுக்கி 3, 4 வாரம் வெயிலில் வைத்தால் போதும், அடுப்பே வேண்டாம். மணத்தைச் சேர்த்துவைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

அப்புறம், பூக்கடை ரோஜாவைக் கழுவினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். செடி உள்ளே உறிஞ்சிக்கொண்ட மருந்து கழுவினாலும் போகாது.