எம்.எல்.ஏ. சம்பளத்தைக் குறைக்க வழக்கு: வீட்டுக்கு 500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வருகிறது. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் தருகிறார்களாம். அதைக் குறைக்கச் சொல்லிப் பொதுநல வழக்குப் போடுவதாக ஒருவர் எங்கள் தெருவில் வீட்டுக்கு 500 ரூபாய் வசூலிக்கிறார். கொடுக்கலாமா? உண்மையில் எவ்வளவு தருகிறார்கள் என்று நாங்களே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக் காசு பார்க்கும் ஆட்கள் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் இருக்கிறார்கள், உங்கள் தெருவுக்கு வந்திருப்பவரும் அவர்களில் ஒருவர் என்றே நினைக்கிறேன்.

சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தைச் சட்டமன்றமே சட்டம் இயற்றி முடிவு செய்யலாம் என்று அரசியலமைப்பின் 195ஆம் பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றத்துக்கு 106ஆம் பிரிவு. அதாவது வாங்குகிறவர்களே தங்கள் தொகையை முடிவு செய்துகொள்கிறார்கள். இது முறையா என்று கேட்டால், முறையில்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் நீதிமன்றம் இதில் கை வைப்பதில்லை. முன்னாள் எம்.பி.க்களுக்கு ஓய்வூதியம் கொடுப்பதை எதிர்த்த வழக்கை 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மாற்றம் வந்த இடத்திலும் அது சட்டமன்றத்தின் வழியாகவே வந்தது: பஞ்சாபில் ஒவ்வொரு முறை வென்றதற்கும் சேர்த்துக் கூடிக்கொண்டே போன முன்னாள் எம்.எல்.ஏ. ஓய்வூதியத்தை, 2022இல் அந்த மாநிலச் சட்டமன்றம்தான் திருத்தம் கொண்டுவந்து ஒன்றே ஒன்றாகக் குறைத்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி, சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள சட்டமன்றப் பேரவைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

மனுவில் எந்தச் சொல்லை எழுதுகிறீர்கள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சம்பளம் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டால் சம்பளத்தை மட்டுமே பதிலாக எழுதி அனுப்பிவிடுவார்கள். 2018 ஜனவரியில் நிறைவேறி, 2017 ஜூலை முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாதத் தொகையை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தியது. அதில் ‘சம்பளம்’ என்ற பெயரில் இருந்தது வெறும் 30,000. மீதி முழுவதும் தொகுதிப்படி, வாகனப்படி, ஈட்டுப்படி, தொலைபேசிப்படி என்று பல பெயர்களில் ஒளிந்திருந்தது. ஆகவே, ‘உறுப்பினர் ஒருவருக்கு இன்றைய தேதியில் மாதந்தோறும் வழங்கப்படும் சம்பளம் மற்றும் அனைத்துப் படிகளையும் தலைப்புவாரியாகத் தருக, முன்னாள் உறுப்பினர் ஓய்வூதியத் தொகையையும் தருக, இவற்றுக்கான சட்டத்திருத்தங்களின் நகல்களையும் தருக’ என்று எழுதுங்கள். ‘ஏழைகள் நிறைந்த நாட்டில் இவ்வளவு ஏன்?’ என்று எழுதாதீர்கள். அது கருத்துக் கேட்பது, தகவல் கேட்பதல்ல என்று சொல்லி மனுவையே ஒதுக்கிவிடுவார்கள்.

கட்டணத்தில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தும் என்று தோன்றுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவரிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று சட்டத்தின் 7(5) பிரிவு கூறுகிறது. மனுக் கட்டணமும் இல்லை, நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாயும் இல்லை. ஆனால் வெறுமனே ‘நான் ஏழை’ என்று எழுதினால் போதாது, சான்று இணைக்க வேண்டும். குடும்ப அட்டை நகலை மட்டும் வைத்தால், அது அரிசி வாங்குவதற்கான அட்டை, வறுமைக்கோட்டுச் சான்று அல்ல என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். வறுமைக்கோட்டுப் பட்டியலில் குடும்பத்தின் பெயர் இருந்தால் அதற்கான சான்றை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கி இணையுங்கள். சான்று மனுதாரருக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, ஏழைகளின் பெயரில் நூற்றுக்கணக்கான பக்கங்களை இலவசமாக வாங்கித் தங்கள் சொந்தத் தகராறுகளுக்குப் பயன்படுத்தும் இடைத்தரகர்கள் உண்டு. உங்கள் தெருவுக்கு வந்தவர் உங்கள் அம்மாவின் கையெழுத்தையோ கைநாட்டையோ வெற்றுத்தாளில் கேட்டால் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். சான்று கிடைக்கத் தாமதமானால் அதற்காக அலையாமல் 10 ரூபாய் வில்லையையே ஒட்டிவிடுங்கள்; சான்றுக்காகப் போகும் ஒருநாள் கூலி அதைவிடப் பெரிது.

எம்.பி.க்களின் தொகைக்கு நீங்கள் மனுப் போட வேண்டியதில்லை, அது வெளிப்படையாகவே உள்ளது. 2025 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய், தொகுதிப்படி 87,000, அலுவலகப்படி 75,000. விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை இவை தாமாகவே உயரும்படி 2018இல் சட்டம் செய்துகொண்டார்கள். அதே மத்திய அரசு, 60 வயதிலிருந்து 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்குத் தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இல் இருந்த அதே 200 ரூபாய். உங்கள் அம்மா வாங்கும் தொகையில் மீதி மாநில அரசு சேர்ப்பது. விலைவாசி எம்.பி.க்களுக்கு மட்டும்தான் ஏறுகிறதா என்று இத்தனை ஆண்டுகளில் எந்த அதிகாரியும் எனக்குப் பதில் சொன்னதில்லை. உதவித்தொகையையும் விலைவாசியோடு இணைக்க வேண்டும் என்று கேட்டுத் தெருவார் அனைவரும் கையெழுத்திட்டு, சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கும் உங்கள் எம்.பி.க்கும் ஒரு மனு அனுப்புங்கள். சம்பளத்தைக் குறைக்கக் கேட்பதைவிட இதற்குத்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி வரும்.

30 நாளில் தகவல் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே செயலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏற்கெனவே 500 ரூபாய் கொடுத்துவிட்ட அண்டை வீட்டார், அந்த மனிதரிடம் ரசீதும் வழக்கு எண்ணும் கேட்கட்டும். உண்மையாகவே வழக்குப் போட்டிருந்தால் அதற்கு ஓர் எண் இருக்கும். உயர் நீதிமன்ற இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண் சொல்ல மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கொடுக்காவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்துப் புகார் ஏற்புச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.