உதிரும் மணற்கல்லுக்குச் சீலர் பூசலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆறு ஆண்டுகளுக்கு முன் சுற்றுச்சுவரில் இளஞ்சிவப்பு மணற்கல் பலகைகளைப் பதித்தோம். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை கல் செதில் செதிலாக உதிர்கிறது, வெள்ளைப் பொடியும் பூக்கிறது. வாசற்படியில் போட்ட சாதரஹள்ளி கல்லுக்கு (அது கருங்கல்) ஒன்றும் ஆகவில்லை. கொத்தனார் சீலர், அதாவது கல்லின் பரப்பை அடைக்கும் பூச்சு, பூசச் சொல்கிறார். பூசலாமா? மாற்றுவதானால் எந்தக் கல்லை வாங்குவது?"

இப்போதைக்குப் பூச வேண்டாம். உதிர்ந்த செதில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்; அதன் உட்புறத்திலும் அதே வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அது உப்பு. மண்ணின் ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகையில் மண்ணிலும் சிமென்ட் சாந்திலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போது அவ்வுப்பு பரப்புக்குச் சற்று உள்ளேயே படிகமாகி, துளைச் சுவர்களை நெருக்கிப் பிளக்கிறது. ஈரம் எட்டும் உயரத்துக்கு மேல் கல் நன்றாக இருப்பது இதனால்தான். இந்நிலையில் முகப்பை அடைத்தால் உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, இன்னும் தடிமனான செதிலாகப் பெயர்த்துவிடும்.

மணற்கல்லும் கருங்கல்லும் இங்கே வேறுபடுவதற்குக் கடினத்தன்மையைவிடத் துளைகளே பெரிய காரணம். மணற்கல்லில் மணல் துகள்களுக்கிடையே உள்ள வெற்றிடம் கல்லின் கன அளவில் ஐந்து முதல் இருபது விழுக்காடு வரைகூட இருக்கலாம். சாதரஹள்ளி போன்ற கருங்கல் வகைகளில் அது பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. துகள்களைப் பிணைப்பது சிலிக்காவானால் மணற்கல்லும் நெடுங்காலம் நிற்கும். களிமண்ணானால் நனையும்போது உப்பியும் காயும்போது சுருங்கியும் தளர்ந்துவிடும். மணற்கல் படிந்த அடுக்குகளின் திசை இன்னொரு சிக்கல். பதிப்புப் பலகைகளைப் பெரும்பாலும் அடுக்கின் வழியே பிளந்து எடுப்பதால், சுவரில் நிறுத்தும்போது அடுக்குகள் முகப்புக்கு இணையாக அமைந்து, உரிவதற்கு வழி தந்துவிடுகின்றன.

கருங்கல்லும் அழியாதது அன்று. பெங்களூரு லால்பாக் பூங்காவிலுள்ள குன்றின் சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய பாறைகூடத் தகடு தகடாக உரிகிறது. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாகிறது, கருப்பு அப்பிரகத்தின் இரும்பு துருவாகிறது. வீடு கட்டுகிறவர் அந்தக் கணக்கில் கவலைப்பட வேண்டியதில்லை. துருப்புள்ளி உள்ள பலகையை ஒதுக்கினால் போதும். மேற்கு வெயில் படும் சுவருக்குப் பளிங்கையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் விரிந்து, குறுக்குத் திசையில் சிறிது சுருங்குவதால் மணிகள் பிடிப்பிழந்து, பரப்பு சர்க்கரைபோலச் சொரசொரப்பாகும். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. கழிவறை ஆசிட் தெறித்தாலே அதன் மெருகு போய்விடும்.

ஆகவே முதலில் நீரைத் தடுங்கள். சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தியை விலக்கி, மழைநீர் வெளியே ஓடும்படி தரைக்குச் சரிவு கொடுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் மட்டுமே துடைத்தெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். அடுத்த மழைக்காலத்துக்குப் பின்னும் பூப்பு தொடர்ந்தால், கீழ் இரண்டடியில் மட்டும் மணற்கல்லை எடுத்துவிட்டுச் சாதரஹள்ளி கல்லைப் பதியுங்கள்.

வாங்குமுன் கடைக்காரரிடம் மெருகிடாத துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, நன்கு காயவைத்து எடை பாருங்கள். இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி மீண்டும் எடை போடுங்கள். 1,000 கிராம் துண்டு ஐந்து கிராமுக்குள் கூடினால் தரையோரத்துக்கு ஏற்றது. முப்பது நாற்பது கிராம் கூடுகிற கல்லை, மண் ஈரமும் மழைச்சாரலும் எட்டாத உயரத்தில் மட்டும் பதிக்கலாம்.