பிரஷர் கேள்விகள்: ‘நார்மல் ஆயிடுச்சு’ என்று எழுதியவருக்குக் கொஞ்சம் நீளமாக

எனக்கு பிரஷர் அதிகம். என்ன செய்யலாம்?

எவ்வளவு? எத்தனை நாளாக? வயது? என்ன மாத்திரை? ஒன்றுமே எழுதவில்லை. எண்களோடு மறுபடி எழுதுங்கள்.

ஒரு மாதமாக 165/100க்குக் குறையவில்லை. ஆனால் தலைவலி, தலைசுற்றல் எதுவும் இல்லை. மாத்திரை அவசியமா?

தலைவலிக்கா மாத்திரை தருகிறார்கள்? பிரஷர் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் தொல்லையே. நடுவயதில் பிரஷரின் முதல் எண் 115ஐத் தாண்டி ஒவ்வொரு 20 கூடும்போதும் மாரடைப்பு, பக்கவாதத்தால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. நீங்கள் இரண்டரைப் படி ஏறி நிற்கிறீர்கள். அவசியம்தான்.

மூன்று மாதம் மாத்திரை எடுத்தேன், 124/80 வந்து நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திவிட்டேன். இப்போது 170. உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டதா?

இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. அந்த 124 மாத்திரை தந்த 124. அதை எடுத்ததும் உங்களுடைய பழைய 170 திரும்பிவிட்டது, அவ்வளவுதான். இதில் பழக்கம் எங்கே வந்தது? அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய மறுநாளும் அளவு அழகாக இருக்கும், ‘குணமாகிவிட்டது’ என்று தோன்றும். வாரம் திரும்புவதற்குள் சாயம் வெளுத்துவிடும்.

170ஐ எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகும். தடித்த தசை சரியாகத் தளராது, உள்ளே ரத்தம் நிறைவது குறையும். மாடிப்படியில் மூச்சு வாங்குவதை அப்போது வயதின் மேல் போடுவீர்கள். சிறுநீரகத்தில் முதலில் ஆல்புமின் என்ற புரதம் கசியும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பாதி வேலைத்திறன் போகும்வரைகூட அது நார்மல் என்றே காட்டலாம். வருடம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். மூளையிலோ நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். கைகால் விழாமலே நினைவும் நடையும் மங்கும்.

சில மாத்திரைகளைச் சட்டென்று விடுவதே ஆபத்து. குளோனிடின் நிறுத்தினால் ஓரிரு நாளில் பிரஷர் எகிறும். இதய நோயாளி அட்டெனோலால், மெட்டோப்ரோலால் நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். எடை குறைந்து, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் டோஸைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவருக்குத் தெரியும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டு மெஷின் மூன்று தடவைக்கு மூன்று அளவு காட்டுகிறது. மெஷின் கோளாறா?

ஐந்து, பத்து முன்னே பின்னே வருவது இயல்பு. அதற்கு மேல் என்றால் முதலில் நீங்கள் உட்காரும் விதத்தைப் பாருங்கள். சட்டைக்கை மேல் பட்டையைச் சுற்றி, காலைக் குறுக்கே போட்டு, பேசிக்கொண்டே பார்த்தால் எந்த மெஷினும் தப்பாகத்தான் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடும். கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 கூடும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கையை மேசையில் வைத்து 5 நிமிடம் சும்மா இருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பு இரண்டு, மாலையில் இரண்டு, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம்.

மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் தினமும் எடுக்கிறேன்.

கடைசி வரியில் எழுதியதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பிரஷர் மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். டெல்மிசார்டான் அல்லது ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை, கூடவே நீர் மாத்திரை, இந்த டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். வலிக்கு மாற்று கேளுங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சோடியம் குறைந்த உப்பு நல்லதா?

அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, மேலே சொன்ன டெல்மிசார்டான், ராமிப்ரில் எடுத்தாலோ அது ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறலாம், ரத்தப் பரிசோதனை செய்யாமல் தொடாதீர்கள்.

அப்பாவுக்குத் திடீரென்று 190/120. நிஃபெடிபின் கேப்ஸ்யூலை உடைத்து நாக்கடியில் விடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். அளவு ஒரேயடியாக விழுந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்து அதுவே பக்கவாதமாகலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமின்மை, பார்வை மங்கல், இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் உட்கார வைத்து 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். இன்றைய மாத்திரையை எடுத்தாரா என்றும் கேளுங்கள்.