ஜிம்முக்குப் போகிறேன், பிசிஏஏ பவுடர் வாங்கலாமா?

கேள்வி: வயது 29, எடை 70 கிலோ. வேளச்சேரியில் இருக்கிறேன், ஐடி வேலை. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பிசிஏஏ குடித்தால்தான் சதை ஏறும், உடம்பு வலியும் குறையும் என்கிறார் ட்ரெய்னர். காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பார் சாதம், பொரியல், ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா, நடுவில் இரண்டு காபி. இதுதான் என் சாப்பாடு.

பதில்: வாங்க வேண்டாம். அந்தக் காசு உங்கள் சமையலறைக்குத்தான் தேவை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனது. அதில் மூன்றை மட்டும் எடுத்து அடைத்ததுதான் பிசிஏஏ. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 2:1:1 என்று போட்டிருக்கும். லூசின் இரண்டு பங்கு, ஐசோலூசினும் வேலினும் ஒவ்வொரு பங்கு. உடம்பு தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் மொத்தம் 9. அதில் இந்த மூன்றுதான் டப்பாவில் இருக்கின்றன. லூசினுக்குத் தனி மதிப்பு உண்டு. சதை கட்டும் வேலையைத் தொடங்கி வைப்பது அதுதான். ஆனால் மேஸ்திரி வந்து குரல் கொடுத்து என்ன பயன், செங்கல்லும் சிமென்டும் இறங்கவில்லை என்றால்? மீதி ஆறும் சாப்பாட்டில் வராவிட்டால், உடம்பு தன் சொந்தப் புரதத்தையே உடைத்துத்தான் அவற்றை எடுக்க வேண்டும்.

வலி ஓரளவு குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் போதுமான புரதம் சாப்பிடுபவருக்கு அதனால் பெரிய லாபம் கிடையாது.

சரி, உங்கள் தட்டுக்கு வருவோம். நான்கு இட்லியில் 8 கிராம் புரதம் இருந்தால் அதிகம். நீங்கள் எழுதியதை எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு 45 கிராம் வருவதே கஷ்டம். எடை தூக்கும் ஒருவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும், அதாவது உங்களுக்கு 84 முதல் 112. உங்கள் குறை இங்கேதான் இருக்கிறது.

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. மீல் மேக்கர் 50 கிராம் (காய்ந்த எடை) குருமாவில் போட்டால் 25 கிராம் புரதம். 100 கிராம் பன்னீரில் 18. சாயங்காலம் டீக்கடை பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் 12. வாரத்தில் மூன்று நாள் இட்லியை விட்டுவிட்டு அடை சாப்பிடுங்கள். லைசினும் மெத்தியோனினும் அந்த ஒன்பதில் உள்ளவைதான். அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு தரும், பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தரும். நம் பாட்டிமார் பொங்கலிலும் அடையிலும் இரண்டையும் சேர்த்தது எவ்வளவு அருமையான விஷயம்!

இவ்வளவு சமைக்க நேரமில்லை, பவுடர்தான் வேண்டும் என்றால் வே புரோட்டீன் வாங்குங்கள். அது பாலில் இருந்து வருவது, 25 கிராம் புரதத்திலேயே சுமார் 5 கிராம் பிசிஏஏ இருக்கிறது, மீதி ஆறும் கூடவே வரும். டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், சென்னை வெயிலில் உடற்பயிற்சி முடித்ததும் வரும் சோர்வில் பெரும்பங்கு வியர்வையில் போன நீரும் உப்பும். அதற்கு உப்பு போட்ட மோர் போதும்.

புரதத்தைக் கூட்டும் முன் ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் சோதனை அது. சிறுநீரகத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர் என்றால், மேலே சொன்ன அளவுகள் அவருக்குப் பொருந்தாது. அவர் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.