சாஃப்ட் ஃபோகஸ் கொடுத்தால் படம் மங்கிப்போகிறது. சரியாகச் செய்வது எப்படி?

சாஃப்ட் ஃபோகஸ், அதாவது கூர்மை போகாமல் வெளிச்சம் மட்டும் மெல்லப் பரவிய தோற்றம் வேண்டி, முகப் படங்களுக்குக் காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் ஃபில்டர்) போட்டு, ஒப்பாசிட்டியை (அது எவ்வளவு தெரிய வேண்டும் என்ற அளவை) குறைத்துப் பார்த்தும் ஃபோகஸ் தவறிய படம் மாதிரியே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளர் வேண்டும்தான். ஆனால் பிளர் செய்த அந்த லேயர் (மேலே வைக்கும் அடுக்கு) கீழே உள்ள படத்தோடு எப்படிக் கலக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ்கள் என்ன செய்தன என்று பார்த்தால் இது விளங்கிவிடும். லென்ஸின் நடுவில் புகுந்து வரும் ஒளியும் ஓரத்தில் புகுந்து வரும் ஒளியும் ஒரே தளத்தில் குவியாது. மற்ற லென்ஸ்களில் இதைக் குறை என்று திருத்துவார்கள். இவற்றில் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். அதனால் ஃபிலிமில் கூர்மையான படம் ஒன்று விழும், அதன் மேலேயே ஒளி கசிந்த படமும் விழும். கண்ணிமை மயிர் தனித்தனியாகத் தெரியும். ஆனால் நெற்றியில் வெளிச்சம் பட்ட இடம் சுற்றிலும் மெல்லப் பரவியிருக்கும். ஃபோகஸ் தவறிய படத்தில் அந்தக் கூர்மையான அடிப்படம் கிடையவே கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேமராவில் பரவுவது வெளிச்சம், இருட்டு பரவாது. நீங்கள் பிளர் செய்த லேயரை நார்மல் மோடில் 50 சதவீதம் வைக்கும்போது இரண்டும் பரவுகின்றன. கறுப்பு முடி கன்னத்துக்குள் சாம்பல் நிறமாக இறங்கும், புருவத்தைச் சுற்றிப் புகை படிந்ததுபோல் ஆகும். உங்கள் படத்தை மங்கலாக்குவது பெரும்பாலும் இந்த அழுக்குதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஃபோட்டோஷாப்பில் லேயரை நகல் எடுத்து ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றினால் பிளர் அளவைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். காஸியன் பிளர் கொடுத்து, பிளெண்டிங் மோடை (லேயர் கீழே உள்ளதோடு கலக்கும் முறையை) லைட்டன் என்று வையுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதற்கு லைட்டன் ஒன்லி என்று பெயர். பிளர் செய்த நகல் கீழே உள்ளதைவிட எங்கே வெளிச்சமாக இருக்கிறதோ அங்கே மட்டும்தான் இப்போது தெரியும். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கன்னத்தைப் பாருங்கள். தோலின் நுண்துளைகள் சின்னச் சின்ன இருட்டுப் புள்ளிகள். பக்கத்தில் உள்ள வெளிச்சம் அவற்றுக்குள் வழிந்து நிரப்பிவிடும். ஆனால் மூக்கின் மேல் உள்ள பளபளப்பும், பின்வெளிச்சத்தில் மின்னும் முடியிழையும் கூர்மை குறையாமல் அப்படியே நிற்கும். சாஃப்ட் ஃபோகஸில் முகங்கள் அழகாகத் தெரிவதற்குக் காரணமே இதுதான். தனியாக ஸ்கின் ஸ்மூத்திங் செய்து தோலை பிளாஸ்டிக் ஆக்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஒளிவட்டம் இன்னும் கூடுதலாக வேண்டுமென்றால் ஸ்கிரீன் மோடு. அது படம் முழுவதையும் வெளிறச் செய்யும் என்பதால், மேல் லேயருக்கு மட்டும் முதலில் லெவல்ஸ் (இருட்டு, வெளிச்ச அளவுகளை மாற்றும் கருவி) கொடுத்து, ஹைலைட் (மிக வெளிச்சமான இடங்கள்) தவிர மற்றதெல்லாம் கறுப்பாகும் வரை இறக்கிவிட்டு அப்புறம் பிளர் செய்யுங்கள். ஸ்கிரீனில் கறுப்பு எதையும் மாற்றாது. எனவே ஹைலைட் மட்டுமே ஒளிரும். சாஃப்ட் லைட் மோடு வேறு வகை. கான்ட்ராஸ்டும் நிறமும் ஏறிவிடும். காட்டுப் பாதை, பனிமூட்டம் போன்ற காட்சிகளுக்கு நன்றாக இருக்கும், முகத்துக்கு நான் அதைத் தொடுவதில்லை.

பிளர் அளவு எவ்வளவு என்பது படத்தின் பிக்சலைப் பொறுத்தது. 6000 பிக்சல் அகலமுள்ள 24 மெகாபிக்சல் படத்துக்கு 20 முதல் 40 வரை முயன்று பாருங்கள். அதையே 1500 பிக்சலுக்குச் சுருக்கியிருந்தால் 5 முதல் 10 போதும். இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை அப்படியே போட்டால் வராமல் போவது இதனால்தான். ஒப்பாசிட்டியை 60 சதவீதத்தில் தொடங்கி, "இது போதும்" என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். வேலை செய்துகொண்டே இருக்கும்போது கண் பழகிவிடும். எழுந்துபோய்விட்டு வந்து பார்த்தால் அதிகமாகப் போட்டிருப்பது தெரியும்.

அடுத்து லேயர் மாஸ்க். இதில் கறுப்பு பூசிய இடத்தில் பிளர் லேயர் மறையும். மென்மையான கறுப்பு பிரஷை 50 சதவீதத்தில் வைத்து, கருவிழி, இமை, உதட்டின் விளிம்பு ஆகியவற்றில் மட்டும் தடவுங்கள். முழுக்க அழித்துவிட்டால் கண்கள் மட்டும் வெட்டி ஒட்டியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். பின்னணி ஒரே நிறமாக இருந்து பட்டை பட்டையாகத் தெரிந்தால், 16 பிட்டில் (நிறப் படிகள் அதிகமுள்ள அமைப்பில்) வேலை செய்யுங்கள். மேல் லேயரில் மிகக் கொஞ்சம் நாய்ஸ் (புள்ளி புள்ளியான மணல் தன்மை) சேர்த்தாலும் பட்டைகள் மறைந்துவிடும்.

லைட்ரூமில் கிளாரிட்டி என்ற ஸ்லைடரை மைனஸில் இழுப்பது அவசரத்துக்கு உதவும். மொபைலில் ஸ்னாப்சீட் செயலியின் கிளாமர் குளோ ஃபில்டர் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் வெளிச்சத்தை மட்டும் தனியாகப் பரவவிடும் கட்டுப்பாடு லேயர் அளவுக்குக் கிடைக்காது.

படத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வெளிச்சம் வரும் படங்களில் இந்த எஃபெக்ட் நன்றாகப் பிடிக்கும். மேகமூட்டத்தில் எடுத்த, ஹைலைட்டே இல்லாத தட்டையான படத்தில் பரவுவதற்கு வெளிச்சம் இல்லை. அப்படிப்பட்ட படத்துக்கு முதலில் கர்வ்ஸ் என்ற கருவியில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றிவிட்டு அதன் பிறகு முயன்று பாருங்கள்.